அரைப் பேர்

நோர்வூட்
15.06.2025, ஞாயிறு

முனீராவுக்கு,

நேற்று ஹட்டனில் உங்கள் கடைக்குக் கொப்பி வாங்கப் போனேன். ஹொஸ்டலில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள் என்று உன் வாப்பாதான் சொன்னார். பில்லின் பின்பக்கத்தில் கண்டி விலாசத்தை எழுதித் தந்து, "எழுதுங்க புள்ள, அங்க தனியா இருக்கு. ஹஜ் பெருநாளைக்கு வந்து மூணு நாள் நிண்டுட்டுத்தான் போச்சு" என்றார்.

மூன்று நாள். ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். நான் கணக்குப் பார்க்கவில்லை, ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அது மட்டும்தான் மனதில் ஓடியது.

நீ கேட்கவில்லை, ஆனாலும் இல்லத்தில் நடப்பதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். எழுதிப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் தெளிவாகிறது, உனக்குத் தெரியுமே.

யோகேஸ்வரன் சேர் நம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேரை அந்த முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போன முதல் நாள், "நீங்க கூட்டவும் வேணாம், கழுவவும் வேணாம். ஆளுக்கு ஒருத்தர் பக்கத்துல சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் இருந்தாப் போதும்" என்றார். ஏப்ரலில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை நீயும் நானும் மட்டும்தான் வந்தோம். உனக்கு வீரய்யா கங்காணி, எனக்கு அம்மாக்கண்ணு. இப்போது நான் மட்டும்.

கங்காணி இன்னும் சரியாகப் பத்து மணிக்கு விறாந்தையில் நாற்காலியை இழுத்துப் போட்டு "பெரட்டு!" என்று கத்துகிறார். தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட மனிதர் அல்லவா. முதலில் இல்லத்தில் இருக்கும் இருபத்து மூன்று பேர், பிறகு நாம். "இருக்கேங்க" என்றால் முழுப் பேர். கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரை நாள் கூலிக்கு அரைப் பேர் போடுவது போல, ஒரு மணி நேரத்தில் எழுந்து போகிறவர்களுக்கு அரைப் பேர். தொடர்ந்து நாலு சனிக்கிழமை வராவிட்டால் பேர் வெட்டு. கடைசியில் "சரி, மலைக்குப் போங்க!" என்பார். யாருக்கும் கொழுந்து பறிக்கப் போக மலை இல்லை, அதனால் எல்லோரும் சிரிப்பார்கள். இப்படிப் பத்துப் பேரை வெட்டிவிட்டார். அதற்கு அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

உன் பேரைத்தான் மூன்று வாரமாகக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறார். கண்ணில் வெள்ளை படர்ந்து இப்போது உருவம் மட்டும்தான் தெரிகிறது, அதனால் படிக்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக் காதைக் கொடுக்கிறார். விறாந்தை முழுவதும் வாயை மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருக்கும். "பெருநாள் கழிஞ்சு வட்டிலப்பம் கொண்டாறேன்னு சொன்ன புள்ள" என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்.

வருகிற 21ஆம் திகதி நாலாவது சனிக்கிழமை. ஊரை விட்டுப் போகிறேன் என்று அவரிடம் நீ ஏன் சொல்லவில்லை? எனக்கும் அதைச் சொல்ல மனம் வரவில்லை. வர முடியாவிட்டால் இரண்டு வரியாவது எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

ஷாமிலா


கண்டி
20.06.2025

ஷாமிலா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நாலு பக்கம். வார்டன் மிஸ் பிரித்துப் பார்த்துவிட்டு, "யார் இந்தக் கங்காணி?" என்று கேட்டார். சொந்தக்காரர் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே நாலரைக்கு எழுப்புகிறார்கள். உயிரியலில் முதல் பரீட்சையில் முப்பத்தொரு புள்ளி. நம் பள்ளிக்கூடத்தில் உயிரியலுக்கு ஆசிரியர் இல்லாததால்தான் வாப்பா என்னை இங்கே சேர்த்தார். ஆசிரியர் இருந்தும் முப்பத்தொன்று என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெருநாளைக்கு வந்த மூன்று நாளும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்து திறந்து மூடினேன். உன் பஸ் கணக்கில் இது வராது.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். உனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும். எனக்குத் தெரியாது.

வெட்டினால் வெட்டட்டும். அது உண்மையான பெரட்டு இல்லை, ஷாமிலா. ஒரு கிழவர் நாற்காலியில் இருந்து கத்துகிறார், அவ்வளவுதான். அந்தப் பத்துப் பேருக்கும் எதுவும் ஆகவில்லையே.

எனக்கு எழுத நேரமில்லை.

முனீரா


நோர்வூட்
22.06.2025, ஞாயிறு

முனீராவுக்கு,

உன்னிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஒருவேளை வழியில் இருக்கலாம். ஆனால் இதை இன்றே எழுதாவிட்டால் என்னால் எழுதவே முடியாது.

நேற்று நோர்வூட்டில் ஓயாத மழை. பஸ் நிறுத்தத்திலிருந்து இல்லத்துக்கு ஏறும் பாதையில் குடை இரண்டு தடவை திரும்பிக்கொண்டது. அம்மாவின் வெள்ளைத் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு படியேறினேன். உள்ளே ஈரக் கம்பளி நாற்றம். ஒரு வாரமாக எதுவும் காயவில்லை என்று லெட்சுமி மிஸ் சொன்னார். இருபத்து மூன்று பேரையும் பார்த்துக்கொள்ள அவரும் இன்னொரு அக்காவும்தான். அவருக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே கஷ்டமாக இருந்தது.

கங்காணி பெரட்டைத் தொடங்கிவிட்டார். நான் தலையைத் துவட்டாமல் தூண் பக்கத்தில் நின்றேன். உன் பேர் வந்தது.

"முனீரா!"

படிக்கட்டுப் பக்கம் திரும்பிய கங்காணி பிறகு என் பக்கம் பார்த்தார். என்னை அல்ல, உன் முக்காடு போலத் தெரிந்த அந்த வெள்ளைத் துவாயை. அவர் முகம் மாறியதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"வந்துட்டியா? எங்க போயிருந்த இத்தன நாளா?"

மழை கூரையில் அடிக்கும் சத்தத்தில் நான் மெதுவாக "இருக்கேங்க" என்றேன்.

சத்தியமாக யோசிக்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் போனால் வெட்டிவிடுவார் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. "முழுப் பேர்!" என்று தொடையில் தட்டினார். அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"ஷாமிலா!"

முனீரா, அந்த நொடியில்தான் நான் செய்தது எனக்கே விளங்கியது. ஒரே உருவம் இரண்டு பேருக்கு எப்படிப் பதில் சொல்லும்? பேசாமல் நின்றேன்.

"கேள்வி கேக்குற புள்ள வரலியா? சரி, இன்னைக்குக் காதுக்கு லீவு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். என்னையே பார்த்தார். என் வருகைக்காக அவர் பக்கத்தில் போட்டு வைத்திருந்த நாற்காலியை மட்டும் காலால் மெல்லக் கங்காணி பக்கம் தள்ளிவிட்டார்.

இரண்டு மணி நேரமும் கங்காணி பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தேன். நீ அப்படித்தான் இருப்பாய். எனக்கு அது எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியும்.

நான் செய்தது பிழையா? உடனே எழுது.

ஷாமிலா


கண்டி
27.06.2025

ஷாமிலா,

பிழைதான்.

நான் தலையை மூடுவது உனக்கு மழைத் துவாயா? ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றினால் நான் ஆகிவிடலாம் என்று நினைத்தாயா? ஹட்டனில் எத்தனை பேர் என்னை "தலைய மூடுன புள்ள" என்று மட்டும் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியும். அவர் ஒருவர்தான் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பேரையும் எடுத்து நீ போட்டுக்கொண்டாய்.

நீ நல்லது செய்ததாக நினைக்கிறாய். எப்போதுமே அப்படித்தான். நூலகத்தில் நான் பிந்திக் கொடுத்த புத்தகத்துக்கும் எனக்காக நீயே போய் மன்னிப்புக் கேட்டாய். நான் கேட்டேனா?

அடுத்த சனிக்கிழமை போய் உண்மையைச் சொல்லிவிடு. அல்லது போகாதே. என் பேரில் இனி நிற்காதே.

இருபத்தெட்டுப் புள்ளி. இரண்டாவது பரீட்சை.

முனீரா


நோர்வூட்
06.07.2025, ஞாயிறு

முனீராவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. 27ஆம் திகதி எழுதியது புதன்கிழமைதான் வந்தது. அதற்குள் இன்னொரு சனிக்கிழமை போய்விட்டது. அன்று மழை அவ்வளவு இல்லை. ஆனாலும் துவாயைச் சுற்றினேன். கழுத்தடியில் ஊக்கும் குத்தினேன். முதல் வாரம் தற்செயல் என்று சொல்லலாம், இரண்டாவது வாரத்துக்கு அந்தச் சாட்டு இல்லை. மறைத்தால் நீ பிறகு கண்டுபிடிப்பாய், அதனால் எழுதுகிறேன். மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மன்னித்துவிடு.

அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை டியூஷன் முடிந்து வந்து, அம்மாவுக்குக் கை வீங்கியிருந்ததால் சமைத்து, பாத்திரம் கழுவி, பிறகு படித்தேன். கங்காணி பக்கத்தில் உட்கார்ந்தபோது கண் சொருகியது. அவர் என் பக்கம் பார்க்காமலே, "தூங்கு புள்ள, நான் இருக்கேன்ல" என்றார். ஏதோ தினமும் சொல்வது போல.

தூங்கிவிட்டேன், முனீரா. பகலில், அத்தனை பேர் நடுவில். பாதித் தூக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"சத்தம் போடாத அம்மாக்கண்ணு. புள்ள தூங்குது. அது வாரம் பூரா கடையில நிக்கிற புள்ள."

"நா எங்கய்யா சத்தம் போட்டேன்? இருமுனேன்."

"இருமுறதக் கொஞ்சம் மெதுவா இருமு."

எழுந்தபோது அவருடைய கம்பளி என் முழங்கால் மேல் இருந்தது. அவர் நடுங்கிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றரை வருஷமாக அந்த இல்லத்தில் எல்லோரிடமும் கேள்வி கேட்டு இரண்டு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறேன். நீ தலை குனிந்து இருப்பது தூக்கம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

உன் கடிதம் வந்த பிறகு, நேற்று துவாய் இல்லாமல் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். படியேறி நேரே அவர் பக்கத்தில் போய் நின்றதும், "முனீரா, இன்னைக்குத் தலைய மூடலியா? பனி புடிக்கும்" என்றார். தைரியம் போய்விட்டது. மறுபடியும் உன் பேருக்கு மெதுவாகப் பதில் சொன்னேன். மூன்றாவது தடவை.

என் பேருக்கு மூன்றாவது தடவை பதில் இல்லை.

இந்த முறை அவர் காதுக்கு லீவு என்று சொல்லவில்லை. "அந்தக் கேள்வி புள்ளைக்கு என்னா? சொகமில்லையா? நீ பள்ளிக்கூடத்துல பாக்குறதில்லையா?" என்று என்னிடமே கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன், அது அவருக்குத் தெரிந்திருக்காது. "அது கேட்டா எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா அது கேட்டாத்தான் எனக்குப் பழைய மலைக்கெல்லாம் பேர் ஞாபகம் வருது. அடுத்த வாரமும் வரலேன்னா வெட்டணுமே" என்றார். குரலில் வெட்ட விருப்பமே இல்லை.

உண்மையைச் சொல்லு என்று எழுதியிருக்கிறாய். சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. அம்மாக்கண்ணு நேற்று நான் புறப்படும்போது என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவரும் இதே கங்காணியிடம்தான் வேலை செய்தாராம். அவருடைய அக்கா வேலாயி பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்தபோது, விடியற்காலை இருட்டில் அக்கா பேருக்கும் இவரே "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டார். கங்காணி கண்டுபிடித்துவிட்டார்.

"பெரட்டுல ஆள் மாறி நின்னா அவனுக்கு ஆகாது. ரெண்டு பேர் பேரையும் வெட்டு வெட்டுன்னு இதே வாயால சொன்னான். மூணு மாசம் வேலை இல்ல. கொல்லையில மொளைச்ச கீரைதான்."

"அவருக்கு அது ஞாபகம் இருக்கா பாட்டி?"

"கேட்டதில்ல. ஞாபகம் இல்லேன்னா எனக்குக் கோவம் வரும். இருந்தாலும் கோவம் வரும். எதுக்குக் கேக்கணும்?"

பிறகு, "என் பக்கத்து நாற்காலி மூணு வாரமா காலியா இருக்கு. அதயும் யோசிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வருகிற சனிக்கிழமை 12ஆம் திகதி. என் பேருக்கு அது நாலாவது. நீ ஒரு நாள் வந்தால் இரண்டு பேரும் நின்று இரண்டு பேருக்கும் பதில் சொல்லலாம். ஒரே ஒரு சனிக்கிழமை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மிகவும் களைத்துப்போயிருக்கிறேன்.

ஷாமிலா


கண்டி
08.07.2025

ஷாமிலா,

நீ அனுப்பியதுபோல இதையும் விரைவுத் தபாலில் அனுப்பச் சொல்லி வார்டன் மிஸ்ஸிடம் கெஞ்சியிருக்கிறேன்.

வர முடியாது. சனிக்கிழமை மூன்றாவது பரீட்சை. பொய் இல்லை.

தூங்கினாய் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் குளியலறையில் இருந்தேன். நான் அங்கே போனது தூங்கத்தான், ஷாமிலா. சேர் என்னை நல்ல தொண்டர் என்று மேடையில் சொன்னார், அமைதியான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். வெள்ளி பின்னேரம் கடை, இரவு கணக்கு, காலையில் உம்மாவுக்கு உதவி. அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்குத் தூக்கம். முதல் நாளே அவர் பக்கத்தில் தூங்கிவிட்டேன். எழுந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "ஒனக்குத் தொணையா ஒருத்தன் இருக்கட்டுமே" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது மொத்தம் நூறு சொல் இருக்காது.

இப்போது உன் கேள்விக்குப் பதில். அவரிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால், "அப்ப எங்க தூங்குவ?" என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இங்கேயும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. யாரோ படியில் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு. காத்திருக்க வைப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று எனக்குத் தெரியாது.

அதனால் இதைச் செய். கீழே எழுதியிருப்பதைக் கிழித்து அவருக்கு வாசித்துக் காட்டு. நீ உன் பேருக்கு மட்டும் நில்.

"வீரய்யா தாத்தாவுக்கு. நான் கண்டியில் படிக்கிறேன். இனிச் சனிக்கிழமைகளில் வர முடியாது. சொல்லாமல் போனது என் பிழை. என் பேரை வெட்டிவிடுங்கள். முனீரா."

துவாய் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது வேறு, இது வேறு.

முனீரா


நோர்வூட்
13.07.2025, ஞாயிறு

முனீராவுக்கு,

வாசித்தேன்.

நேற்று வெறுந்தலையோடு போய் அம்மாக்கண்ணு பக்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வெற்றிலைப் பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டார். கங்காணி உன் பேரைக் கூப்பிட்டார். நான் எழுந்தேன்.

"முனீரா வரலைங்க. கடுதாசி குடுத்திருக்கா. வாசிக்கவா?"

அவர் தலையை ஆட்டினார். வாசித்தேன். ஆறே வரி. அவர் முகத்தைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு, "கண்டியா? படிக்கட்டும், படிக்கட்டும்" என்றார். உடனே முகம் இறுகியது.

"அப்ப மூணு வாரமா என் பக்கத்துல உக்காந்தது யாரு?"

"நாந்தாங்க. ஷாமிலா."

"நீயா அது பேருக்கு நின்ன?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

எனக்கு எத்தனை பதில் தெரியும், முனீரா. பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, "நீங்க அவ பேரக் கூப்புட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. என்னால தாங்க முடியல" என்றேன்.

"பெரட்டுல ஆள் மாறி நின்னா என்னா செய்வாங்க, தெரியுமா?"

"பேர் வெட்டு."

"தெரிஞ்சுதான் நின்னியா?" என்றார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "கண்ணுதான் போச்சு. பேரக் கூப்புட்டா யார் சொல்றாங்கன்னு நம்புறத விட்டா எனக்கு வேற என்னா இருக்கு? முனீரா, பேர் வெட்டு. ஷாமிலா, பேர் வெட்டு."

லெட்சுமி மிஸ், "விடுங்க ஐயா, சின்னப் புள்ள" என்றார். அவர் காதில் வாங்கவில்லை. நாற்காலியைத் தடவிப் பிடித்து எழுந்து உள்ளே போய்விட்டார். மலைக்குப் போங்க என்று சொல்லவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

அம்மாக்கண்ணுதான் உள்ளே பார்த்துக் கத்தினார். "எல்லாப் பேரயும் வெட்டிப்புட்டியே கங்காணி! அடுத்த வாரம் யாரக் கூப்புடுவ, சுவத்தையா?"

எனக்கு அவர் மேல் கோபமில்லை. அவர் கேட்டது நியாயம். நான் அவருக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்துக்கொண்டு அவரிடம் மிஞ்சியிருந்த ஒன்றையும் பொய்யாக்கிவிட்டேன். உன்னிடமும் அதையேதான் செய்தேன். நூலகப் புத்தகம் நினைவிருக்கிறது.

யோகேஸ்வரன் சேர், இனி நீ போகவேண்டிய கட்டாயமில்லை, பரீட்சையைப் பார் என்கிறார். அம்மாவும் அதையே சொல்கிறார். உண்மையில் எனக்கும் ஒரு சனிக்கிழமையாவது வீட்டில் படுத்துக் கிடக்க வேண்டும் போல இருக்கிறது.

ஷாமிலா


நோர்வூட்
20.07.2025, ஞாயிறு

முனீராவுக்கு,

போனேன். ஏன் என்று கேட்காதே. நீ கேட்கமாட்டாய்.

பேர் இல்லாத ஆளாகத்தான் போனேன். அம்மாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குப் பெரட்டு. இருபத்து மூன்று பேரையும் கூப்பிட்டு முடித்தார். நம் பேர் வரவேண்டிய இடத்தில் நிறுத்தினார். என் நாற்காலி கிறீச்சிட்டது.

"பேர் இல்லாத ஆளு ஒண்ணு உக்காந்திருக்காப்ல இருக்கு" என்றார் கங்காணி.

நான் பேசவில்லை.

"ஆளு பேசுமா?"

"பேசுமுங்க."

"கேள்வி கேக்குமா?"

"கேக்குமுங்க."

"ஆள் மாறி நிக்குமா?"

"இனி நிக்காதுங்க."

"பேரச் சொல்லு."

"ஷாமிலா."

"புதுப் பேரு. மொத நாளு அரைப் பேர்தான். சம்மதமா?"

"சம்மதமுங்க" என்றேன்.

அம்மாக்கண்ணு வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு, விறாந்தை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். "எனக்கு மூணு மாசம் ஆச்சு. இவளுக்கு ஒரே வாரம். கங்காணிக்கு வயசாயிப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. குரல் வந்த பக்கம் மெல்லத் திரும்பினார்.

"மூணு மாசம் இல்ல அம்மாக்கண்ணு. ரெண்டு மாசம் இருவத்தோரு நாளு."

அம்மாக்கண்ணுவின் வாய் அசைவது நின்றுவிட்டது. கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்காமல் விட்டேன் என்பதை நீ நம்பவேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அம்மாக்கண்ணு பிளேன்டீயை வாங்கிக்கொண்டு, தன் நாற்காலியை ஒரு முழம் கங்காணி பக்கம் நகர்த்திப் போட்டார். நடுவில் நான்.

"சரி, மலைக்குப் போங்க!" என்றார் கங்காணி.

அவரோடு ஒரு மணி நேரம், அம்மாக்கண்ணுவோடு ஒரு மணி நேரம். இரண்டு இடத்திலும் அரைப் பேர்தான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மாலை ஆறு மணிவரை தூங்கினேன்.

உன் மூன்றாவது பரீட்சை எப்படி?

ஷாமிலா


கண்டி
25.07.2025

ஷாமிலா,

நாற்பத்து நாலு. வாப்பாவிடம் மூன்று புள்ளிகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். பிறகு, "தூங்குறியா புள்ள?" என்று கேட்டார். ஒரு வாரமாகத் தூங்குகிறேன் என்று சொன்னேன். அது உண்மை. என் பேரை வெட்டினார் என்று நீ எழுதியிருந்ததைப் படித்த அன்றைக்குத் தொடங்கியது. அழுகை வரும் என்று நினைத்தேன், தூக்கம்தான் வந்தது.

ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிறேன். 9ஆம் திகதி, சனிக்கிழமை. பேர் பதிவதற்காக அல்ல. உம்மா வட்டிலப்பம் செய்து தருவார். தாத்தாவுக்கு நீரிழிவு, அதனால் ஒரு தேக்கரண்டிதான் என்று லெட்சுமி மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவை. மிச்சம் அம்மாக்கண்ணுவுக்கு. நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டுப் போவேன். இந்த முறை முழித்துக்கொண்டு இருப்பேன். அவர் தூங்கட்டும்.

பெரட்டில் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று அவரிடம் சொல். பழக்கத்தில் மறந்துபோய் என் பேரைக் கூப்பிட்டாரென்றால், ஷாமிலா, நீ வாயைத் திறக்காதே. நானே சொல்கிறேன்.

முனீரா